காப்புரிமை அலுவலகத்தில் பி.ஏ. தமிழுக்கு என்ன வேலை?

சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில், அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் இருக்கிறது. காப்புரிமை அலுவலகம், வர்த்தக முத்திரைப் பதிவகம், நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் மூன்றும் அங்கேதான். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்த ஒருவர், வர்த்தக முத்திரை முகவராவதற்கான தேர்வை எழுத வேண்டும் என்று கேட்டால் சட்டம் தடுக்காது. 21 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக இருந்து, ஏதேனும் ஒரு பட்டம் வைத்திருந்தால் போதும். அதே ஆள் காப்புரிமை முகவராக வேண்டும் என்று கேட்டால் பதில் வேறு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 126ஆவது பிரிவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பட்டத்தோடு தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அல்லது காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளராகவோ கட்டுப்பாட்டாளராகவோ 10 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர் சார்பில் விண்ணப்பத்தைத் தயாரித்து, கையெழுத்திட்டு, கட்டுப்பாட்டாளர் முன்னால் அதை நடத்திச் செல்பவர்தான் காப்புரிமை முகவர். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்தால் அபராதம் உண்டு.

பஞ்சமி நிலம் மீளவில்லை, சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம், வன்கொடுமை வழக்குகள் வாய்தாவிலேயே கிடக்கின்றன. இதற்கு நடுவில் காப்புரிமைச் சட்டம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு மருந்துக் கடையிலிருந்து பதில் சொல்லத் தொடங்குவோம்.

நோயாளி போட்ட மனு

காசநோய் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீடி சுற்றும் வீடுகளும் கல்லுடைக்கும் குவாரிகளும் தோல் ஊறும் தொட்டிகளும் எங்கே இருக்கின்றனவோ, அந்தத் தெருவுக்குத்தான் வரும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை பெடாகுயிலின். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் இந்த மருந்துக்கான அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் காலாவதியாக இருந்தது. அந்த மருந்தின் ஓர் உப்பு வடிவத்துக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டு, 2027 வரை ஏகபோகத்தை நீட்டித்துக்கொள்ள நிறுவனம் முயன்றது.

2019இல் அந்த விண்ணப்பத்தை எதிர்த்து மனு செய்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய சிகிச்சையில் போட்ட ஊசி மருந்தால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் மருத்துவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் நின்றார்கள். ஆனாலும் மனுவில் இருந்த பெயர்கள் நோயாளிகளுடையவை. 2023 மார்ச் மாதம் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது.

இந்த மனு போட எந்தப் பட்டமும் தேவையில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், ‘எந்த நபரும்’ எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது. சட்டத்தில் ‘எந்த நபரும்’ என்ற சொல் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. அது கிடைத்திருக்கும் இந்த இடத்தில் நம் ஆட்கள் இல்லை.

மருந்து விலைக்கும் காப்புரிமைக்கும் உள்ள தொடர்பை நம் சென்னை அலுவலகமே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் நிராகரித்தது அதுதான். எதிர்ப்பு மனு போட்டவர்களில் புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்றும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் தோற்றது. அதற்கு ஓராண்டு முன்னால், 2012 மார்ச்சில், பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து ஒன்றுக்குக் கட்டாய உரிமம் தரப்பட்டது. மாதத்துக்கு சுமார் 2,80,000 ரூபாய் என்றிருந்த மருந்து, சுமார் 8,800 ரூபாய்க்கு வந்தது. நிலத்தை விற்று வைத்தியம் பார்க்க நிலமே இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் பொருள் புரியும்.

செருப்பு யாருடையது?

அதே கட்டடத்தில் இருக்கும் இன்னொரு பதிவகத்தின் கதையையும் பார்ப்போம். இதற்கு அறிவியல் பட்டம் வேண்டாம் என்பதால் இது நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகர ஆடை அணிவகுப்பில் சில செருப்புகளைக் காட்டியது. பார்த்தவர்கள் எல்லோரும் கொல்ஹாபுரி செருப்பு என்றார்கள். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் சமார், தோர் உள்ளிட்ட தலித் சாதியினர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் செருப்பு அது. முதலில் வாய் திறக்காத நிறுவனம், எதிர்ப்பு வந்த பிறகு இந்தியக் கைவினையின் தாக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டது.

கொல்ஹாபுரி செருப்புக்குப் புவிசார் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. பதிவு உரிமையாளர்கள் இரு மாநில அரசுகளின் தோல்தொழில் வளர்ச்சிக் கழகங்கள். ஒன்று சந்த் ரோஹிதாஸ் பெயரிலும் மற்றொன்று பாபு ஜகஜீவன் ராம் பெயரிலும் நடப்பவை. வழக்கறிஞர்கள் சிலர் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் அது தள்ளுபடியானது. குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள்தான் வர வேண்டும், நீங்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது நீதிமன்றத்தின் நிலை. பிறகு கழகங்களும் நிறுவனமும் பேசினார்கள் என்பது வேறு கதை. நமக்கு உறுத்துவது ஒன்றுதான். இந்த விவகாரம் முழுக்க செருப்பு தைத்தவரின் குரல் படத்துக்கான பேட்டியாக மட்டுமே கேட்டது. நீதிமன்றத்தில் அவர் கட்சிக்காரரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை.

நம் பக்கமும் பார்க்கலாம். வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாவட்டமே கொண்டாடியது. குறியீடு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அந்தப் பொருளை விளைவிப்பவர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிந்துகொள்ள வேண்டும். 2020 விதித் திருத்தத்தில் இதற்கான கட்டணம் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பத்து ரூபாய்! ஒரு டீயின் விலை. அந்தக் காட்டில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் நம்மவர் எத்தனை பேர் இந்தப் படிவத்தைப் பார்த்திருக்கிறார்கள்? நிலம் பட்டாதாரர் பெயரில் இருக்கும். வெயில் மட்டும் குத்தகைக்காரர் பெயரில். பதிவில் யார் பெயர் ஏறும் என்பதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு பி.ஏ. போதும்.

ஜூன் மாதத்தில் தீர்மானமாவது

126ஆவது பிரிவு பட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் தெருவில் அந்தப் பட்டம் தீர்மானமாவது கல்லூரியில் அல்ல. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அடுத்த வாரம், பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில்தான்.

மாலை நேரப் படிப்பகம் நடத்தும் நாங்கள் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறோம். அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணிடம், ‘உனக்கு எதுக்கும்மா ஃபர்ஸ்ட் குரூப், கஷ்டப்படுவே, மூணாவது குரூப் எடுத்துக்கோ’ என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. இன்னொரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இடம் காலி, அதனால் அந்த குரூப்பே நடக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக பஸ் நேரம் ஒத்துவரவில்லை. பெண் வரலாறு, பொருளியல் குரூப்பில் சேர்ந்தாள். பிறகு பி.ஏ. தமிழ். நல்ல படிப்புதான், நாமும் அதைப் படித்தவர்கள்தான், அதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் 15 வயதில் பஸ் நேரம் செய்த முடிவு, 25 வயதில் சட்டப் பிரிவாக வந்து எதிரே நிற்கிறது.

சரி, பிறகாவது ஒரு அறிவியல் பட்டம் வாங்கலாமே என்றால், சட்டம் அதை மறுக்கவில்லை. எந்த வயதில், எத்தனையாவது பட்டமாக என்று 126 கேட்பதில்லை. ஆனால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக பி.எஸ்சி. சேர வேண்டுமானாலும் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும். மறுபடியும் அதே ஜூன் மாத மேசை. ஒரு சுற்றுவழி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தகுதியில் பாலிடெக்னிக் 3 ஆண்டு, அங்கிருந்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்து இன்னும் 3 ஆண்டு. மொத்தம் 6 ஆண்டு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய பிள்ளைக்கு இந்த வழியை நாம் துணிந்து சொல்வதில்லை. ஆனால் பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் மறுக்கப்பட்ட உடனேயே, அந்தப் பதினைந்து வயதிலேயே, பாலிடெக்னிக் பக்கம் திருப்பிவிடலாம். அதைச் சொல்கிறோம்.

இந்தப் பட்ட நிபந்தனையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எந்த அறிவியல் என்று சட்டம் கேட்பதில்லை. விலங்கியல் படித்தவர் செல்பேசிக் கோபுரம் பற்றிய விண்ணப்பம் எழுதலாம். இயற்பியல் படித்தவர் மருந்து மூலக்கூறு பற்றி எழுதலாம். தகுதித் தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்களும் நேர்முகத் தேர்வும் உண்டு. ஒரு தாள் காப்புரிமைச் சட்டமும் விதிகளும். மற்றது ஆவணங்களை எழுதுவதும் பொருள் கொள்வதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வாங்க வேண்டும். வேதியியலுக்கென்று தனித் தாள் இல்லை. அப்படியானால் பட்டம் எதைச் சோதிக்கிறது? அண்ணல் அம்பேத்கர் லண்டனில் வாங்கிய டி.எஸ்சி. என்பதும் பெயரளவில் அறிவியல் முனைவர் பட்டம்தான். ஆய்வு ரூபாயின் சிக்கல் பற்றியது. ‘அறிவியல்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு பெரிய வீடு உண்டு என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

126ஐ அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பது நம் கட்சியல்ல. ஒரு மூலக்கூறை விவரிக்கிறவருக்கு அது என்னவென்று தெரிய வேண்டும். ஆனால் தெரியுமா என்பதைத் தேர்வில் சோதிக்கலாம். அமெரிக்காவில் காப்புரிமை முகவராக அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு கேட்கிறார்கள். அந்த நாடே 2024 ஜனவரி முதல், பொருள்களின் வடிவமைப்புக்கான காப்புரிமைகளுக்கு மட்டும் தனிப் பதிவேடு தொடங்கி, கலை மற்றும் வடிவமைப்புப் பட்டதாரிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. செருப்பின் வடிவத்தை விவரிக்க இயற்பியல் எதற்கு என்று அங்கே யோசித்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்தப் பிரிவு கைபடாத கல்வெட்டல்ல. வழக்கறிஞராக இருப்பவர் தகுதித் தேர்வு எழுதாமலேயே முகவராகலாம் என்று முன்பு இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. எஸ்.பி. சொக்கலிங்கம் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், அந்த நீக்கம் அரசமைப்புக்கு முரணானது என்று 2013 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியல் பட்டம் வேண்டுமா என்பது அந்த வழக்கின் கேள்வியல்ல. அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் இனிமேல்தான் கொண்டுபோக வேண்டும்.

கறுப்பு அங்கியோடு உள்ளே போகலாம்

முகவர் என்ற ஒரு வாசல் மூடியிருப்பதால் காப்புரிமைச் சட்டமே மூடியிருக்கிறது என்று நம் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். வழிகாட்டும் ஆசிரியர்களும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது உண்மையல்ல.

எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். டாக்டர் அம்பேத்கர் பெயரில் சட்டப் பல்கலைக்கழகமே நம் மாநிலத்தில் இருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்துவிட்டால், நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கு நடத்த அறிவியல் பட்டம் தேவையில்லை. காப்புரிமை மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே தொடங்கலாம் என்கிறது 104ஆவது பிரிவு. காப்புரிமையை ரத்து செய்யக் கோரும் மனு, கட்டுப்பாட்டாளரின் ஆணையை எதிர்க்கும் மேல்முறையீடு ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றம். இவற்றை விசாரித்துவந்த தனித் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவே நடக்கிறது. அங்கே வழக்கைக் கேட்கும் நீதிபதியிடமும் யாரும் பி.எஸ்சி. சான்றிதழ் கேட்பதில்லை. தேவைப்பட்டால் நீதிமன்றம் ஓர் அறிவியல் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம் என்று 115ஆவது பிரிவு சொல்கிறது. நீதிபதிக்கு அறிவியல் தெரியாமல் இருக்கலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்?

இன்னும் ஒரு பிரிவு இருக்கிறது. எண் 132. சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் கிடப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. முகவர்களுக்கு மட்டும்தான் உரிமை என்று சொல்லிவந்த சட்டம், இங்கே இரண்டு விலக்குகளைத் தருகிறது. கண்டுபிடித்தவர் தன் விண்ணப்பத்தைத் தானே எழுதி, தானே வந்து நடத்தலாம். முகவராகப் பதியாத வழக்கறிஞரும் ஒரு தரப்பின் சார்பில் கட்டுப்பாட்டாளர் முன் நடக்கும் விசாரணையில் கலந்துகொள்ளலாம். பி.ஏ. தமிழ், பி.எல். படித்த ஒரு பெண் கிண்டியில் காசநோயாளிகளுக்காக எழுந்து நின்று வாதாடலாம் என்பது இதன் பொருள்.

தமிழ் படித்தவருக்குத் தனி அனுகூலமும் உண்டு. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். காப்புரிமை ஆவணத்தின் உயிர் அதன் கடைசியில் வரும் உரிமைக் கோரல்களில் இருக்கிறது. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் ‘கம்பிரைசிங்’ என்று போட்டால், சொன்னவையும் இருக்கலாம், வேறு சிலவும் சேரலாம். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று போட்டால் சொன்னவை மட்டுமே, வேறெதற்கும் இடமில்லை. ஒரு சொல்லில் கோடிக்கணக்கான ரூபாய் இருக்கும். எச்சவும்மைக்கும் பிரிநிலை ஏகாரத்துக்கும் வேறுபாடு கேட்டு மதிப்பெண் போட்ட வகுப்பில் உட்கார்ந்திருந்த நமக்கு இது புதிதா? உம்மைக்கு எட்டுப் பொருள் என்று தொல்காப்பியத்தில் படித்தவருக்கு, சட்ட வாக்கியத்தில் ஒரு ‘அல்லது’ எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. தேவை ஆங்கிலம். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமானது 25(1) பிரிவின் ‘கே’ உட்பிரிவு. உள்ளூர்ச் சமூகமோ பழங்குடிச் சமூகமோ ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டால் எதிர்க்கலாம். அந்த அறிவு வாய்மொழியாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. வாய்மொழியாக! ஏட்டில் எழுதும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் அறிவு வாய்மொழியாகத்தான் இருக்கும். பிரசவம் பார்த்த பாட்டிகளுக்கும், மாட்டுக்கு வைத்தியம் பார்த்த தாத்தாக்களுக்கும், ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர்களுக்கும் புத்தகம் கிடையாது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமை, இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் குழு போராடி 1997இல் ரத்தானது. அங்கே எழுத்துச் சான்று இருந்தது. எழுதப்படாதவற்றை யார் சான்றாக்குவது? பாரம்பரிய அறிவுக்கான மின்னூலகம் ஒன்றை அரசு நடத்துகிறது. சித்த மருத்துவ நூல்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. சேரியின் கைவைத்தியம் நூலாக இருந்ததில்லை. நாட்டார் வழக்காற்றியல் படித்த நம் எம்.ஏ., எம்.ஃபில். பட்டதாரிகள் தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்த அதே ஒலிப்பதிவுக் கருவியோடு, யாரிடம் எந்த ஆண்டு எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு, இதையும் சேகரித்தால் அது சட்டத்தின் கண்ணில் ஆதாரமாக நிற்க வாய்ப்பு உண்டு.

தொழிலாளியின் பெயர்

காப்புரிமையை எதிர்ப்பதோடு நம் வேலை முடியவில்லை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் இயந்திரத்தோடு இயந்திரமாக நிற்கிற நம்மவர், கை நசுங்காமல் இருக்க ஒரு தடுப்பைப் பொருத்துகிறார். கழிவு நீர் குறையும்படி ஒரு படியை மாற்றுகிறார். மேலாளர் தோளில் தட்டுவார். பிறகு அது யாருடைய பெயரிலோ ஆவணமாகிவிட வாய்ப்பிருக்கிறது. பாதாள சாக்கடைக்கு இயந்திரம் செய்கிறவர்களும், உள்ளே இறங்கி உயிர் பிழைத்து வந்தவரிடம் கேட்டுத்தான் செய்கிறார்கள். இயந்திரத்தின் உரிமை வேலை ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கே போகலாம். ஆனால் உண்மையில் கண்டுபிடித்தவரின் பெயர் காப்புரிமையில் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை 28ஆவது பிரிவு தருகிறது. காசு வராது, பெயர் வரும். ‘கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் நம்மை வைத்திருக்கும் ஊரில் அந்தப் பெயரின் எடை எவ்வளவு என்று நமக்குத் தெரியும். இதைத் தொழிலாளிக்குச் சொல்லும் தொழிற்சங்கத்தை இந்த மாவட்டத்தில் நாம் இன்னும் பார்க்கவில்லை.

தனியாள் ஒருவர் இணையம் வழியாகக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். கட்ட முடியாத தொகையல்ல. ஆனால் ஆவணம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும் என்பது விதி. கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்குத் தமிழில் எழுத முடியாது! செம்மொழி மாநாடுகளில் பேசியவர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறந்து நாம் கேட்டதில்லை. முன்பு கட்டணமே இல்லாமல் இருந்த எதிர்ப்பு மனுவுக்கும் 2024 விதித் திருத்தத்தில் கட்டணம் வைத்துவிட்டார்கள். மனு ஏற்கத்தக்கதா என்பதைக் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்வார் என்றும் சேர்த்துவிட்டார்கள். ‘எந்த நபரும்’ என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அது முழுதாகச் சுருங்குவதற்குள் நாம் அங்கே போய் நிற்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை கனமானவை அல்ல. ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் இடம் ஒரு கல்வியாண்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. கலைப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் ஓராண்டு அறிவியல் பாலப் படிப்பு படித்து பி.எஸ்சி.யில் சேர, மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும். தாட்கோ நடத்தும் பயிற்சிகளில் வர்த்தக முத்திரை முகவர் தேர்வையும் காப்புரிமை முகவர் தேர்வையும் சேர்க்க வேண்டும். சட்டக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் குற்றவியலும் சொத்து வழக்கும் மட்டுமே நம் தொழில் என்று நினைக்காமல் இருக்க, அவர்களிடம் போய்ப் பேச வேண்டியவர்கள் நாம்தான். அதற்கு அரசு தேவையில்லை.

காப்புரிமை அலுவலகத்தின் இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளிவருகிறது. இணையத்தில் இலவசம். அந்த வாரம் வெளியிடப்பட்ட விண்ணப்பங்கள் எல்லாம் அதில் இருக்கும். வெளியான தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் எதற்கும் காப்புரிமை வழங்க மாட்டார்கள் என்பதால் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு. எங்கள் படிப்பகத்தில் சனிக்கிழமை மாலை அதைத் திறந்து, தோல், மூலிகை, காசநோய் என்று சொற்களைப் போட்டுத் தேடுகிறோம். ஆங்கிலம் தெரிந்த சட்ட மாணவர்கள் இருவர் வாசித்துச் சொல்வார்கள். பதனிடும் வேலையில் நாற்பது ஆண்டு நின்ற பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் இடையில் நிறுத்தி, ‘இது எங்கப்பா காலத்துலயே செஞ்சதுதான்பா’ என்பார். அந்த இடத்தில் பக்க எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் குறித்துக்கொண்டு, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்கிறோம். வேறு ஊர்களிலும் யாரேனும் இப்படி உட்கார விரும்பினால், தேவை ஒரு செல்பேசியும் இரண்டு மணி நேரமும்.